மோராக்குக்குப் பொன்னாடை

ஒக். 8, புதன்

மழை. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆட்கள் குறைவு. காலை முழுக்கச் சட்டங்களைத் துடைத்து அடுக்கியதுதான் வேலை.

ஸ்கொட்லாந்து எழுத்தாளர் மோராக்கிடமிருந்து பதில். சனிக்கிழமை லண்டன் ஹரோவில் எங்கள் தமிழ் வாசகர் வட்டத்துக்கு வருகிறாராம். ஒரே நிபந்தனை: பேச்செல்லாம் வராது, தன் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தை முழுதாக வாசிக்க விட வேண்டும். நான் கேட்டிருந்ததும் அதைத்தான்.

என் புத்தக அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இப்போது ஸ்கொட்லாந்துக்காரர்கள். தீவிலிருந்து எழுதுகிறவர், துப்பறியும் கதைக்காரர், எல்லோரும். ஏன் இவ்வளவு பிடிக்கிறது? இல்லாதவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்வதில்லை. வீட்டில் பேசுகிறபடியே புத்தகத்திலும் பேசுகிறார்கள். செத்த வீட்டிலும் ஒரு பகிடி, ஒரு சிரிப்பு.

மோராக் அவர்களிலும் ஒரு படி மேல். மூன்றாம் அத்தியாயம்: கப்பல் கட்டும் இடம் மூடிய பிறகும் ஒரு மனிதர் விடிய எழும்பி, வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முன்னறையில் இருக்கிறார். மனைவி ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டுப் பெட்டி கட்டி வைக்கிறாள். மத்தியானம் அதே கதிரையில் இருந்து சாப்பிடுகிறார். பாண் துண்டுக்கு நாய் காத்திருக்கிறது.

பஸ்ஸில் முதல் தரம் வாசித்தபோது இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். என் மனுசன், இவர், எங்கள் இல்ஃபோர்ட் பலசரக்குக் கடையை மூடி ஒரு வருஷமாகிறது. இன்னும் இருட்டோடு எழும்பி, மார்க்கெட்டுக்குப் போகிற ஜக்கெட்டோடு சோபாவில். பேச்சும் குறைந்துவிட்டது. இவர் அந்த அத்தியாயத்தைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும். தானாக வாசிக்கமாட்டார், சின்ன எழுத்துத் தெரிவதில்லை. கண்ணைக் காட்ட வாருங்கள் என்றால், "எனக்கு வாசிக்க என்ன கிடக்கு?"

ஒக். 10, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். கூட்டத்துச் சிற்றுண்டிக்கு ரோல்ஸ்: சொல்லியாயிற்று. பிளாஸ்க்: இரண்டு. குத்துவிளக்கு: கு. அண்ணை.

குகன் அண்ணை எங்கள் செயலாளர். நிகழ்ச்சி நிரல் அனுப்பியிருக்கிறார். விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஐந்து வாழ்த்துரை, பொன்னாடை, கடைசியில் ஏற்புரை. மோராக்கின் பெயர் ஏற்புரைக்கு நேரே. மண்டபமோ ஐந்து மணிவரைதான். உடனே போன் எடுத்தேன்.

"அண்ணை, அவ வாசிக்கத்தான் வாறா."

"ஓம் தங்கச்சி, ஏற்புரையிலை வாசிக்கட்டும். எழுதினவை கடைசியிலைதானே பேசுறவை."

"வாழ்த்துரையைக் குறைக்க ஏலாதோ?"

"ஆரை வெட்டுறது? வெட்டினா அந்தாள் பிறகு என்னோடை கதைக்காது."

நல்ல மனிதர். கூட்டம் முடிந்தால் கதிரை அடுக்குகிறவரும் அவர்தான். ஆனாலும் எரிச்சல்.

ஒக். 11, சனி

தூறல். மோராக் சின்ன உருவம், ஆம்பிளை மழைக்கோட்டு. விளக்கில் ஒரு திரியைக் கவனமாக ஏற்றினார்.

ஐந்து வாழ்த்துரை ஏழாயிற்று. ஒருவர் ஸ்கொட்லாந்து மலைகளைப் பற்றிச் சொந்தக் கவிதை. இன்னொருவர் மகனின் எடின்பரோப் பட்டமளிப்பு. ஒருவரும் நாவலைத் திறக்கவில்லை. பொன்னாடை போர்த்திப் படமெடுத்து முடிய, மண்டபத்து ஆள் வந்து பின்பக்க விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார். மோராக் மைக்கைப் பிடித்து, நன்றி, ரோல்ஸ் மிக நன்றாக இருந்தது என்றார். அவ்வளவுதான். நல்ல கைதட்டு.

கடைசி வரிசையில் இவர், ஜக்கெட்டோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினிக்குள் போய் பிளாஸ்க் கழுவினேன்.

மோராக்கை யூஸ்டன் ஸ்டேஷனில் விடுவது எங்கள் பொறுப்பு. சாமான் ஏற்றிய பழைய கடை வான்தான். பக்கத்தில் இன்னும் கடையின் பெயர், உள்ளே வெங்காய வாசம். முன் சீற்றில் மூன்று பேரும். மோராக் நடுவில், பொன்னாடையைக் கழற்றவில்லை, குளிருக்கு நல்லது என்றார். மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊரிலும் கூட்டமென்றால் எழுதாதவர்கள்தான் பேசுவார்கள் என்று சிரித்தார்.

வெம்ப்ளி தாண்ட, இவர் வாயைத் திறந்தார். ஆங்கிலத்தில், மெதுவாக: நீங்கள் வாசிக்கவே இல்லையே.

மோராக் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். இவர் றேடியோவை நிற்பாட்டினார்.

மேடைக் குரல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிற குரல். எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடமான பக்கங்கள், ஆனால் அந்தக் குரலில் புதிதாகச் சில பகிடிகள் கேட்டன. எப்படித்தான் எழுதுகிறார்களோ. நாய் வந்த இடத்தில் இவர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

யூஸ்டன் வந்தது. அத்தியாயம் முடியவில்லை. இவர் நிற்பாட்டாமல் நேரே போனார்.

"இஞ்சருங்கோ, ஸ்டேஷன்."

"ட்ரெயினுக்கு நேரம் கிடக்கு. அவ முடிக்கட்டும்."

இன்னொரு சுற்று. அத்தியாயம் முடிந்த பிறகுதான் ஸ்டேஷன் வாசலில் நிற்பாட்டினார். இறங்கும்போது மோராக் புத்தகத்தை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒக். 12, ஞாயிறு

வெயில். உடுப்புத் தோய்த்தேன். குகன் அண்ணை போன்: "விழா அந்தமாதிரி, சனமெல்லாம் புகழுது." அடுத்த முறை ஏற்புரையை முதலில் வையுங்கள் என்றேன். "முதலிலை வச்சா எதை ஏற்கிறது தங்கச்சி?" அண்ணையோடு கோபிக்கவும் முடியாது.

காலையில் நடந்ததை எழுதவேண்டும். வழக்கம்போல இவர் இருட்டோடு எழும்பினார். ஜக்கெட், சோபா. தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"கதையிலை அந்த மனுசி கடைசிவரைக்கும் ஒண்டும் கேக்கேல்லை, என்ன?"

நின்றுவிட்டேன். "கேட்டா அந்தாளுக்கு நோகுமெண்டு பயந்திருப்பா."

தேத்தண்ணியை ஊதினார். "நீரும் கேக்கேல்லை."

பக்கத்தில் இருந்தேன். கேட்டேன். நிறையச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

ஒக். 13, திங்கள்

மேகம். பால், பாண், சலவைத் தூள். மத்தியானம் கண்ணாடிக் கடைக்கு ஒரு போன். வழக்கமான வணக்கத்தைச் சொல்லி எடுத்தேன். மறுபக்கம் இவர், முன்பின் தெரியாத வாடிக்கையாளர் மாதிரி.

"கண் பாக்கோணும். நாலாம் அத்தியாயம் தொடங்கினனான், எழுத்துத் தெரியேல்லை. நாளைக்கு இடம் கிடக்கோ?"