நடுவில் விட்ட பாதை

வெள்ளவத்தை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் கிருபாவுக்கு அம்மா எழுதுவது, நீயும் மிதுனாவும் பேத்தியும் அந்த நோர்வேக் குளிருக்குள் தடிமன் இருமல் ஒன்றும் அண்டாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் எனக்குப் பொய் எழுத வரவில்லை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனந்தான் வெறுத்துப் போயிருக்கிறது. இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் உன் அப்பா பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிடுவார், வட்ஸ்அப்பில் எழுதினால் என் போனைத் தன்னுடையதைப் போல எடுத்துப் படிப்பார். அதனால் தாளில் எழுதி எதிர்வீட்டு லுத்பியாவிடம் கொடுக்கிறேன், அவள் படம் எடுத்துத் தன் போனிலிருந்து உனக்கு அனுப்புவாள். எழுபது வயதை எட்டப்போகிற எனக்குக் களவாய்க் கடிதம் எழுதுகிற நிலைமை, பார்.

வாசல் புல்தரையைக் கொத்தி மரக்கறித் தோட்டம் போடப்போவதாகப் போன மாதம் சொன்னேனே, ஆசைப்பட்டது நான்தான். அந்தப் புல்லைக் கண்டாலே எனக்கு அருவருப்பு. மழைக்கு முழங்கால் வரைக்கும் வளர்ந்து நிற்கிறது, உள்ளே கைமுட்டி அளவில் நத்தைகள் சளி இழுத்துக்கொண்டு ஊர்கின்றன. பக்கத்துப் பிளட்ஸ்காரர் பல்கனியில் நின்று தலைமயிர்ச் சுருள், மீன்முள், பிள்ளையைத் துடைத்த ஈரத்தாள் என்று எல்லாவற்றையும் எங்கள் பக்கம் எறிகிறார்கள். சீ, விடிந்தால் தேத்தண்ணி குடிக்க முதல் அதைப் பொறுக்குவதுதான் என் வேலை. கத்தரியும் மிளகாயும் காய்த்து நின்றால் எறிகிறவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரும், அப்பாவுக்கும் மருந்தடிக்காத மரக்கறி கிடைக்கும் என்றுதான் தொடங்கினேன்.

எது எங்கே என்று நான் ஒரு கிழமை வாசலில் இருந்து வெயிலைப் பார்த்துத்தான் யோசித்தேன். கிழக்கில் அந்த ஏழுமாடி நிற்பதால் பத்து மணி வரைக்கும் முழுக்க நிழல். பிறகு போர்ட்டிகோவிலிருந்து கேற் வரைக்கும் நடுவில் மட்டும் பாய் விரித்த மாதிரி வெயில் விழும், பின்னேரம் மாமரம் அதையும் மறைத்துவிடும். ஆனபடியால் நடுவில் கத்தரி, மிளகாய், வெண்டி, பயித்தை, கரைகளில் நிழலுக்கு வல்லாரையும் பொன்னாங்காணியும். நடக்க மதிலோரம் சீமெந்துப் பாதை ஏற்கனவே இருக்கிறது. இதில் கஷ்டப்பட்டு யோசிக்க என்ன இருக்கிறது சொல்லு.

அப்பா முதலில் புல்லைத் தொடவே விடமாட்டேன் என்று நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, படம் நான் கீறித் தருகிறேன் என்றார். உத்தியோக காலம் முழுக்கப் படம் கீறியே சம்பளம் எடுத்த மனிதர்தானே, நானும் சந்தோசமாய் விட்டுவிட்டேன். அளவெடுத்து, நிறப்பென்சில் தீட்டி மூன்று நாள் கீறினார். பார்த்தால் நடுவில் ஆறடி அகலத்துக்குப் பாதை, போர்ட்டிகோவுக்கு முன்னால் வட்டமாய் ஒரு வெறும் இடம், என் கத்தரியும் மிளகாயும் கரையில் நிழலுக்குள். எதற்கு இவ்வளவு பாதை என்று கேட்டேன், தள்ளுவண்டி திருப்ப என்றார். எங்களிடம் தள்ளுவண்டியே இல்லை.

புதன்கிழமை கிராண்ட்பாஸிலிருந்து அழகுமுத்துவும் அவன் மச்சானும் புல்லுக் கொத்த வந்தார்கள். நான் குசினியில் நின்றேன். கொத்துகிற சத்தத்தைக் காணவில்லையே என்று யன்னலால் எட்டிப் பார்த்தால், எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் இருக்கிற நீள வாங்கை இரண்டு பேரும் தோளில் தூக்கிக்கொண்டு கேற்றுப் பக்கம் நடக்கிறார்கள். உன் அப்பா முன்னால் பின்பக்கமாய் நடந்து, பாகல் பந்தலுக்கு நட்ட தடியில் வாங்கு இடிக்கிறதா என்று பார்த்துக் கை காட்டுகிறார். கேற்றடியில் திருப்பச் சொன்னார், அகலம் போதாது என்று பாதைக்கு அளந்து கட்டியிருந்த கயிற்றை இன்னும் அரையடி அரக்கிக் கட்டினார். அழகுமுத்து பாவம், ஐயா இந்த வாங்கை எங்கே வைக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். எனக்கு விளங்கிவிட்டது. அந்த வாங்கு பிரேதப் பெட்டி. அந்த வட்டம் செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கிற உரலுக்கு. அடுப்பில் வைத்த குழம்பை நிற்பாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

எல்லாம் கனகசபாபதி மாமாவின் செத்தவீட்டில் தொடங்கின வினை. அப்பாவின் கூட்டாளி, பிளட்ஸ் ஒன்றின் நாலாம் மாடியில் இருந்தவர். பிரேதம் வைக்கிற மலர்ச்சாலையிலிருந்து கொண்டுவந்த பெட்டி லிப்டுக்குள் போகாது என்று கீழே கார் நிற்பாட்டுகிற இடத்திலேயே கிரியை செய்தார்கள். ஐயர் மந்திரம் சொல்ல, ஒருத்தர் வந்து என் காரை எடுக்க வேணும், பெட்டியைக் கொஞ்சம் அரக்குங்கோ என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடவில்லை. எனக்கும் அது அருவருப்பான கதைதான், அந்தக் கார்க்காரன் மனிசனே இல்லை. ஆனால் அதற்காக உயிரோடு இருக்கிறவர் வாங்கு தூக்கிப் பழக்குவதா? வெயில் விழுகிற இடம் பிரேதத்துக்கு, நிழல் கத்தரிக்கு, நல்ல தோட்டம். நான் நேரே கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

“தோட்டம் உமக்கு, நடுப்பாதை எனக்கு. நான் மரியாதையாய்ப் போக வேணும்.”

உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினதை இப்போது எழுதுகிறேன், சத்தியம் போனால் போகட்டும். மாத்திரையோடு சரி என்று அவர் உனக்குச் சொன்னது பொய். நெஞ்சில் மூன்று இரத்தக் குழாயில் அடைப்பு, பைபாஸ் செய்தால் இன்னும் கனகாலம் இருக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வருகிற வியாழனுக்குள் சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டும். இவர் நெஞ்சைக் கிழிக்க விடமாட்டாராம், இருந்தது போதுமாம். போறதுக்குப் பாதை கீறத் தெரிந்தவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரியேல்லையோ என்று கேட்டேன். போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். அந்தத் தோட்டப் படத்தை உனக்கு அனுப்பியிருக்கிறார், நீயும் பெருவிரலைப் போட்டு, பாதை நல்ல அகலம், சூப்பர் அப்பா என்று எழுதியிருக்கிறாய். மகனே சரியெண்டிட்டான், இனி நீர் என்ன சொல்ல இருக்கு என்கிறார். ரெயினில் போகும்போது பார்க்காமல் போட்டிருப்பாய், தெரியும். ஆனாலும் ராசா, உன்னிலும் எனக்கு வெறுப்பு வந்தது, அதை ஒளித்து எழுத மாட்டேன்.

ஊறுகாய்க்கு உதவும் என்று லுத்பியா ஒரு தேசிக்காய்க் கன்று தந்தாள். அதை வேண்டுமென்றே அந்தப் பாதையின் நட்டநடுவில் வைத்தேன். விடியப் பார்த்தால் மதிலோரத்தில் நிற்கிறது. நான் பிடுங்கி நடுவில் வைத்தேன், அவர் மறுபடி பிடுங்கினார். ஒருவரோடு ஒருவர் கதையில்லை, கன்றுதான் அங்கேயும் இங்கேயும் போய்வந்தது. இலையெல்லாம் கொட்டிப் பாதி பட்டுப்போய்விட்டது. நேற்றுப் பின்னேரம் திரும்ப நடுவில் நட்டுவிட்டு, இனி ஒருக்கால் பிடுங்கினால் இது செத்துப்போகும், பிறகு உங்கட விருப்பம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை அது அங்கேயே நிற்கிறது, தன் பழைய குடையை விரித்து அதற்கு நிழல் கட்டியிருக்கிறார். இதை ஒப்பரேசனுக்கு அவர் சொன்ன ஓம் என்று எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. கையெழுத்து வைக்க வேண்டிய தாள் மேசையில் அப்படியே கிடக்கிறது.

பேத்தியைக் காது மூடித்தான் வெளியே கொண்டு போங்கள், மிதுனாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இதைப் படித்தவுடன் அப்பாவுக்கு எடு. தோட்டப் படத்தை இப்போதுதான் வடிவாய்ப் பார்த்தேன், பாதை பிழை என்று சொல்லு. ஏன் என்று கேட்பார். அந்தப் பாதையில் பெட்டிக்கு முன்னால் கொள்ளிச்சட்டியோடு நடக்க வேண்டியவன் நீதான். நான் நடக்கமாட்டன் அப்பா என்று சொல்லு, அவருக்கு விளங்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா