அம்மாவின் நீலப் போன்

சிதம்பரம்
கார்த்திகை 20

அன்பு மகள் பவானிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், எழுதினால் பொய்யாகிவிடும். வேளைக்குச் சாப்பிடுகிறேன், பிரஷர் மாத்திரை போடுகிறேன், கடைக்கும் போகிறேன். நீ மஸ்கட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நடராசர் துணையிருக்கட்டும். போன வாரத்து மழையில் பின்பக்கத்து முருங்கை சாய்ந்துவிட்டது, அம்மா இருந்திருந்தால் முன்னாலேயே முட்டுக் கொடுத்திருப்பாள், எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படுவதில்லை. உன்னோடு வேலை பார்க்கும் ஸ்ரீமதி பேசினாள், நீ சரியாகச் சாப்பிடுவதே இல்லையாம், அழுதுகொண்டே இருக்கிறாயாம். ஏன் என்று எனக்குத் தெரியும். போனில் சொல்ல மூன்று தடவை பார்த்தேன், வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

அம்மாவின் காரியத்தன்று சுவரில் சாய்ந்துகொண்டு, "நான் வாங்கிக் குடுத்த போனுதாம்பா அம்மாவக் கைவிட்டுடிச்சி" என்று அழுதாய். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. கைவிட்டது நான், பவானி. உன் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு நீல நிற பிளாஸ்டிக் போன் அனுப்பினாயே, அதைக் கடைக்குக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். முப்பத்தோரு வருடம் எவர்சில்வர் பாத்திரம் விற்றவன் நான். கையில் எடுத்தால் கனம் இருக்க வேண்டும், தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டச் சரக்கு என்பேன். போனுக்கும் அதே கணக்கைப் போட்டேன், விளையாட்டுச் சாமான் அனுப்பியிருக்கிறாள் என்று உன்னிடமே சொன்னேன். அடுத்த லீவில் கண்ணாடி முதுகும் எஃகு விளிம்புமாக ஒன்று கொண்டுவந்தாய். கையில் வாங்கியதும் ஜில்லென்று கனத்தது, இதுதான் போன் என்று மேலவீதி முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். என்ன போன், எத்தனை நாள் உழைக்கும் என்று எனக்கு என்ன தெரியும், கனம்தான் தெரியும்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். நீ ஊருக்குப் போன பிறகு அம்மா என்னிடம், இது வழுக்குகிறது, சர்க்கரையில் மரத்த விரலுக்குப் பிடிபடவில்லை, பழையதே போதும் என்றாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை கேட்டாள். உறை போட்டுத் தரச் சொன்னாள், கண்ணாடி தெரியாமல் போய்விடும் என்று அதற்கும் மறுத்தேன். அவள் மறுபடி கேட்கக் கூடாதென்று நீலப் போனைக் கடையில் மூட்டை இறக்கும் கொளஞ்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

மேல்பட்டாம்பாக்கத்தில் விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. போனை எடுத்தாள், வழுக்கிச் சிமெண்டில் விழுந்து அணைந்துவிட்டது, நம்பர் எதுவும் அவளுக்கு மனப்பாடம் கிடையாது. யாரென்று தெரியாமலே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பையில் இருந்த சர்க்கரை மருந்துச் சீட்டைப் பார்த்து எனக்குச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வேர்க்கடலை விற்கிற ஜெயராணி என்ற அம்மாள்தான் அவளை மடியில் சாய்த்துக்கொண்டிருந்தவர். "பழைய போனு இருந்தா எம்பொண்ணுகிட்ட ஒரு வார்த்த பேசியிருப்பேன்னு சொன்னாங்க சார்" என்றார். உன்னைத்தான் கேட்டிருக்கிறாள் பவானி, என்னை இல்லை. கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், இரண்டு பஸ்ஸை விட்டேன்.

கொளஞ்சியிடம் விஷயத்தைச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தான். லாரியிலிருந்தே இரண்டு தடவை விழுந்ததாம், ஒரு மூலை தேய்ந்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. கையில் பிடித்துப் பார்த்தேன், சொரசொரவென்று விரலுக்குள் அடங்குகிறது. இதை ஒரு நாளாவது இப்படிப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

நீ வாங்கிக் கொடுத்தது இரண்டும் நல்ல போன்தான் பவானி, உன் மேல் ஒரு தப்பும் இல்லை. என் மேல் கோபப்படு, பேசாமல்கூட இரு, ஆனால் வேளைக்குச் சாப்பிடு. நீ தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, அம்மாவின் சிம் உடையவில்லை, அதை நீலப் போனில் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைக்கும் வாரம் ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து கூப்பிடுவேன். உன் போனில் அம்மா என்று வரும். பயப்படாதே, நான்தான். பெயரை மட்டும் மாற்றிவிடாதே.

உன் அப்பா
ராஜமாணிக்கம்