எல்லாத்தையும் எடுத்துடுங்க என்றாயே

உன் மனைவி நேற்று ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "யாருக்காவது ஆவும்ண்ணே" என்றார். உள்ளே நீ வீங்கிய காலுக்கு மாட்டிக்கொண்டிருந்த இறுக்கமான நீளக் காலுறைகள். துவைத்து மடித்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். உன் மேல் படாமல் வேறு யார் மேல் படுவது?

டாக்டர் எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்! புற்று வந்த மூத்திரப்பையை எடுக்கும்போது பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்களாம். இடுப்புக்குள் இருப்பதோடு நிறுத்தலாம், இல்லையென்றால் வயிற்றுக்குள் இன்னும் மேலே வரை போகலாம். "மேல போனா ஆயுசு கூடும்னு சொல்ல முடியாதுங்க. கால் வீக்கம் மாதிரி தொந்தரவுதான் கூடலாம். இடுப்போட நிறுத்திக்கலாம்" என்றார். நீ யோசிக்கக்கூட இல்லை. "ஒண்ணும் வுட்டு வைக்காதீங்க சார், எல்லாத்தையும் எடுத்துடுங்க." அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டும் நீ பிடிவாதமாக நின்றாய்.

அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? இருபது வருடம் ஒரே மேசையில் நின்று பீங்கான் தரம் பார்த்தவர்கள் நாம். சூளையிலிருந்து கோப்பைகளை அடுக்கி வந்த தட்டில் ஒன்றில் கீறல் தெரிந்தால், சுற்றி இருப்பதையும் சேர்த்து ஒதுக்கிவிடுவோம். நல்லதும் போகும், போகட்டும் என்போம். உன் வயிறு என்ன, சூளைத் தட்டா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் "கரெக்டாத்தான் சொல்றான் சார்" என்று தலையாட்டினேன். என்னைத்தான் முதலில் அறைந்திருக்க வேண்டும்.

அப்புறம் இரண்டு காலும் பனங்கட்டையாக வீங்கின. மேசையருகே பத்து நிமிடம் நிற்க முடியாமல் வேலையை விட்டாய். கருவேப்பிலங்குறிச்சியில் உன் பேரனுக்குக் காதுகுத்து. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் திரும்பினாய். புற்று தன் பாட்டுக்கு நுரையீரலில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு எடுத்தும்.

கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "நல்லவேளைடா, எல்லாத்தையும் எடுத்துட்டோம். இல்லன்னா இந்த ஒரு வருஷங்கூட கிடைச்சிருக்காதுல்ல?"

தொண்டை வரை வந்த சண்டையை முழுங்கினேன். "ஆமாண்டா" என்றேன்.

நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய். அந்த "ஆமாண்டா"வை நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.