முறுக்குக் கவரில் வைரத்தோடு

அன்புள்ள மகாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? ஈஜிபுராவில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? கப்பலில் நெட் விலை அதிகம், அதனால் லீவில் ஊருக்கு இறங்கும், என்னோடு வேலை செய்யும் சீனுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பயப்படாமல் படி, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. நான் சுத்தம் செய்யும் அறையொன்றில் நம் பெங்களூர்க்காரர், ருக்மிணியம்மா என்று ஒரு பயணி தங்கியிருக்கிறார். அலமாரிக்குள் நம்பர் போட்டுப் பூட்டும் பெட்டி இருக்கிறது. நம்பர் மறந்துவிடும் என்று பயந்து, வைரத்தோட்டை முறுக்குக் கவருக்குள் வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது வெறும் தூள். நான் குப்பையில் போட்டுவிட்டேன்.

"அய்யோ தேவரே! அந்த முறுக்குக் கவர் எங்கப்பா? அதுலதான் என் வைரத்தோடு!" என்று அவர் சாமியைக் கூப்பிட்டு அலறினார். கீழ்த்தளத்தில் குப்பையை எரித்துவிடுவார்கள். விழுந்தடித்து ஓடினேன். எரிக்க வைத்திருந்த மூட்டைக்குள் கவர் கிடைத்தது.

தோட்டை வாங்கிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லலப்பா, உன் வேலை போயிடும்னு" என்று அழுதார்.

மகா, நீயும் பருப்பு டப்பாவுக்குள் கம்மலை ஒளித்து வைப்பவள்தானே? நான் கிளம்பும்போது பருப்புப்பொடிப் பொட்டலத்தைக் கொடுத்து, "அடிவரைக்கும் சாப்பிடணும்" என்று இரண்டு தடவை சொன்னாய். நான் அடியில் கொஞ்சம் இருக்கும்போதே, நமுத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டேன். உள்ளே என்ன வைத்தாய்?

பொடி இல்லாமல் இங்கே சோறு இறங்கவில்லை. சீனு திரும்பும்போது இன்னொரு பொட்டலம் கொடுத்தனுப்பு. ஒன்றும் வைக்கவில்லை என்று ஒரு வரி மெசேஜ் போடு. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன்
முனிராஜு