உம்மாவின் பல்லும் கால் புண்ணும்

கம்பளை
1931 மார்ச் 14

அன்பு மகன் முஹைதீனுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், பினாங்கில் நீயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். உம்மாவின் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று போன கடிதத்தில் எழுதி உன்னைக் கலங்க வைத்துவிட்டேன். காலை எடுக்கவில்லை மகன். முதலில் மூச்சு விடு, மற்றதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

உம்மாவுக்குப் பல் ஆடி, ஈறு வீங்கிச் சீழ் வைத்தபோது, வெற்றிலையும் சுண்ணாம்பும்தான் காரணமென்று சத்தம் போட்டு வெற்றிலை வட்டாவையே அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பழகின வாய் சும்மா இருக்குமா, கித்துள் கருப்பட்டியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு வெறுந்தேயிலை குடிக்கத் தொடங்கினாள். பாவமென்று நானே சந்தையில் நல்ல கருப்பட்டியாகத் தேடி வாங்கிக் கொடுத்தேன். என் அறிவு அவ்வளவுதான். காலில் செருப்புக் கடித்த புண்ணோ மூன்று மாதமாக எண்ணெய்க்கும் கட்டுக்கும் ஆறவில்லை. அதற்கிடையில் பல்வலி தாங்காமல் துடித்தாள், ரயிலேற்றிக் கண்டியில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்தவர். ஈறை அமத்திப் பார்த்தவர், தண்ணி விடாய் கூடவோ, காலிலை ஆறாத புண் ஏதும் இருக்கோ என்று கேட்டார். நாங்கள் காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. உம்மா என் காதுக்குள், பல்லக் காட்ட வந்தா காலக் கேக்குறாரே, ஓதிப் பாக்குறவரா என்றாள்.

பல்லைத் தொடாமல் எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே நீல மருந்தில் அவளுடைய சிறுநீரைச் சில சொட்டு விட்டு நெருப்பில் காட்டினார்கள். என் கண் முன்னே நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் போய் நின்றது. சுப்ஹானல்லாஹ், எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவ்வளவும் சீனியாம். நீரிழிவு. சீனி ஏற ஏற ஈறு அழுகும், ஈறில் சீழ் இருக்கும்வரை சீனி இறங்க மறுக்கும் என்று பெரிய டாக்டர் விளங்கப்படுத்தினார். ஊசி போட்டுச் சீனியை இறக்கி, பிறகு பதினொரு பல்லை இரண்டிரண்டாகப் பிடுங்கினார்கள். ஈறு ஆற ஆற ஊசி மருந்தின் அளவும் குறைந்தது, கால் புண்ணும் ஓரத்திலிருந்து சிவந்து மூடிக்கொண்டு வந்தது. வாய் சுத்தமாகக் கால் ஆறுகிறது மகன். இத்தனை வயதுவரை வாய் வேறு கால் வேறு என்றே நினைத்திருந்தேன், படைத்தவன் எல்லாவற்றையும் ஒரே ரத்தத்தில் கோத்து வைத்திருக்கிறான். நேற்று நான் ஜும்ஆத் தொழுகை முடிந்து வர, அவளே நடந்து வந்து கதவைத் திறந்தாள். உன் தங்கச்சி கைரியா அழுதுவிட்டாள்.

உன்னிடம் ஒன்றை மறைக்க மனமில்லை. இரண்டு வருடமாக உம்மா பேசும்போது வாடை வந்தது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைக் கண்டுகொண்டு அவள் முக்காட்டால் வாயை மூடிப் பேசப் பழகினாள். என்ன ஏதென்று ஒரு நாள் நான் கேட்டதில்லை. இப்போது மன்னிப்புக் கேட்டேன். பொக்கை வாயால் சிரித்து, இனித் திரும்பிப் பாருங்க என்றாள்.

பல் விளக்கும்போது ரத்தம் வருவதாகச் சாடையாக எழுதியிருந்தாய். இந்த நோய் தாய் தகப்பன் வழியாகவும் வருமாம். உம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவளின் வாயையே பார்க்காதவன் நான், உன் வாயைத் திறந்து பார்க்க எனக்குக் கை எட்டாது மகன். கடிதம் கண்ட அன்றே டாக்டரிடம் போய்க் காட்டு.

ஐந்து வேளையும் உன் பெயர் சொல்லி துஆக் கேட்கும்
உன் வாப்பா
ஹுஸைன்