ஷமீமாவுக்குத் தமிழ் தெரியும்

சனிக்கிழமை

நாளை எந்த முகத்தோடு போவேன்? தெரியவில்லை.

மும்பை செம்பூரில் இரண்டு நாள் ட்ரைபல் பெல்லி டான்ஸ் முகாம். ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தேன். இடைவேளையில் மன்னி போன் செய்தாள்.

"என்னடி, பின்னாடி பாட்டுச் சத்தம்?"

"சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் மன்னி. இடுப்பை ஆட்டற கூத்து. மானமுள்ளவா ஆடுவாளா?"

அருகில் என் இடுப்புப்பட்டையில் அறுந்த சலங்கையைக் கோத்துக்கொண்டிருந்தாள் ஆசிரியை ஷமீமா. காலையிலிருந்து ஹிந்தியில்தான் பேசியிருந்தாள்.

"நான் தாராவிதான்க்கா. எங்கம்மாவும் இதத்தான் சொல்லுதா," என்று சிரித்தாள்.



ஞாயிறு

போனேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா," என்றாள். வகுப்பில் எல்லோருடைய இடுப்பையும் தொட்டுத் திருத்தினாள். என்னை மட்டும் தொடவில்லை.