அட்டைப் படத்து மஞ்சள் தொப்பி

நவம்பர் 14, வெள்ளி

முதல் பனி. ஒட்டாமல் கரைந்துவிட்டது. காருக்கு வின்ரர் ரயர் மாற்ற இன்னும் புக் பண்ணவில்லை.

ஜப்பான் பயணத்தில் எடுத்த படங்களைப் பிரிக்கிறேன். கோவில் வாசல்கள், கல்விளக்குகள், பாசி பிடித்த படிகள். ஆளில்லாத படங்கள்தான் எனக்குப் பிடிக்கும். என் மனிசி சுதா கூடவே அலைந்தாள், பாவம், வாய் திறக்கவில்லை. கடைசி நாள் மட்டும் ஒரு மலைக்கோவிலின் பெயரைச் சொல்லி, அங்கே போகவேண்டும் என்று அவளே கேட்டாள். அங்கே எடுத்ததுதான் ஆகத் திறம். சிவப்புத் துணி கட்டிய குட்டிக் கற்சிலைகள், வரிசை வரிசையாக. ஒன்றின் தலையில் மட்டும் மஞ்சள் தொப்பி. என்ன அதிர்ஷ்டம்.

இடப்பக்க ஓரத்தில் சுதாவின் தோளும் கையும். "தள்ளி நில்லும், படத்துக்குள்ள வாறீர்" என்று சொன்னது ஞாபகம். தள்ளிப்போக நேரம் எடுத்தாள். அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். மஞ்சள் நிறத்தைக் கொஞ்சம் தூக்கலாக்கினேன்.

நவ. 15, சனி

மோகன் அண்ணை வந்தார். இன்சூரன்ஸ்காரர், வருசா வருசம் இலவசக் கலண்டர் அடித்து ஸ்காபரோத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொடுப்பார். இந்த முறை வழக்கமான சாமிப்படம் வேண்டாமாம்.

"உந்தக் குட்டிப் புத்தரைத் தாரும் தம்பி. அந்த மஞ்சள் சும்மா எழும்பி நிக்குது."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. குடும்பக் குழுவுக்கும் படத்தை அனுப்பினேன். அக்காவின் மகள்: "சோ கியூட் மாமா."

சுதா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். திரையைப் பார்த்தாள். தலையிடி என்று உள்ளே போய்விட்டாள்.

வாங்க: பால், மிளகாய்த்தூள், தலையிடிக் குளிசை.

நவ. 17, திங்கள்

மழை. படத்துக்குக் கீழே போட ஒரு வரி கேட்டிருந்தார் அண்ணை. அது என்ன சாமி என்று தேடினேன். ஜிசோவாம். பிறக்காமலே போன பிள்ளைகளைக் காக்கிறவராம். தாய்மார் வந்து துணி கட்டுவார்களாம், தொப்பி போட்டுவிடுவார்களாம்.

படத்தைப் பெருப்பித்தேன். தொப்பியின் கரையில் வெள்ளை வாத்து. நான் வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன் பிளாசாவில், ஆணோ பெண்ணோ தெரியாததால் மஞ்சள். ஐந்தாம் மாதம் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன். செத்தவீடு இல்லை, துடக்குக் காக்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சடங்கு இல்லை. துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை. அவள் அந்தத் தொப்பியைப் பெட்டிக்குள் வைத்து அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறாள். நான் அதிர்ஷ்டம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வெட்கம். வேறு சொல் இல்லை. நானும் ஒரு மனிசன்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். "அந்தப் படம் வேண்டாம் அண்ணை, நிப்பாட்டுங்கோ."

"இனி எப்பிடி? உம்மட வரிக்கும் காத்திருக்கேல்லை, அட்டைக்கே போட்டாச்சு. பிரிண்ட் முடிஞ்சுது."

ஏன் என்று கேட்டார். நிறம் சரியில்லை என்று மழுப்பினேன். இனி அது வீட்டுக்கு வீடு குசினிச் சுவரில் தொங்கும்.

நவ. 18, செவ்வாய்

ரயர் புக் பண்ணியாச்சு. சனி காலை.

வேலையால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல் சுதாவிடம் சொன்னேன். கலண்டர், அட்டை, எல்லாம். மன்னிப்புக் கேட்டேன். கறிக்குக் கோவா வெட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"சனிக்கிழமையே கண்டனான்."

"ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் சந்தோசமாய் இருந்தீங்கள்."

வெட்டியதைச் சட்டிக்குள் அள்ளிப் போட்டாள். பிறகு அவளாகவே கேட்டாள். "படத்தில தொப்பி வடிவாய் விழுந்திருக்கோ?"

"ஓம்."

நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அங்கே என்ன கும்பிட்டீர் என்று கேட்டேன்.

"கும்பிடேல்லை. பேர் வைச்சனான்."

"என்ன பேர்?"

"அங்க வாய்விட்டுத்தான் சொன்னனான். நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்."